சாவி யாரிடம்? மின்னஞ்சலுக்குச் சந்தா கட்டுவது பற்றி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றியோ காப்பியத்தைப் பற்றியோ பேசாமல், மின்னஞ்சலுக்குப் பணம் கட்டுவது தகுமா என்பதைப் பொருளாக எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஓர் இலக்கிய வட்டத்தின் உயிர் அதன் கூட்டங்களில் மட்டும் இருப்பதன்று. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையே உறுப்பினர்கள் எழுதிக்கொள்ளும் கடிதங்களிலும் அது இருக்கிறது. அந்தக் கடிதங்கள் அஞ்சல் பெட்டியை விட்டு மின்னஞ்சலுக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கவிதைப் படிகள், அழைப்பிதழ்கள், மலருக்கான கட்டுரைகள், வெளியூர் அன்பர்களின் விமரிசனங்கள் எல்லாம் அவ்வழியேதான் வருகின்றன. பெரும்பாலோர் இதற்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. இப்பொழுது, சந்தா கட்டினால் கூடுதல் வசதி தருவதாகப் பல நிறுவனங்கள் அழைக்கின்றன. இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குப் பணம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இலவசம் என்பதே ஏமாற்று என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டிலும் பாதி உண்மையே இருக்கிறது.

செய்தி கொண்டு செல்பவருக்கு யார் கூலி கொடுப்பது என்பது பழைய கேள்வி. தமிழில் தூது என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு. அன்னம், மயில், கிளி, மேகம், நெஞ்சு எனப் பத்துப் பொருள்களைத் தூது விடலாம் என்பது மரபு. மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூதாக அனுப்பிய புலவரும் உண்டு. இந்நூல்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது இயல்பைக் காணலாம். செய்தியைச் சொல்லும் முன் புலவர் தூது செல்லும் பொருளை வாயாரப் புகழ்கிறார். அதன் குலத்தைப் புகழ்கிறார், அழகைப் புகழ்கிறார், ஆற்றலைப் புகழ்கிறார். அந்தப் புகழ்ச்சியே தூதுக்குக் கொடுக்கும் கூலி. கூலி பெற்ற தூது அனுப்பியவருக்கு உண்மையாக இருக்கும் என்பது அதன் உட்கிடை.

வாழ்க்கையில் புகழ்ச்சி மட்டும் போதாது. இங்கிலாந்தில் 1840 வரை கடிதத்துக்குரிய பணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே கொடுத்தார். தொலைவு கூடக் கூடக் கட்டணமும் கூடியது. ஏழைகள் கடிதத்தை வாங்க முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். ரோலண்ட் ஹில் என்பவர் வகுத்த திட்டத்தின்படி அந்த ஆண்டில் ஒரே சீரான ஒரு பென்னிக் கட்டணம் வந்தது. அனுப்புபவர் முத்திரை ஒட்டி முன்னதாகவே பணம் கொடுத்துவிடுவார். இந்தியாவில் 1854ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், தொலைவு எதுவாயினும் சிறு கடிதத்துக்கு அரை அணா என்ற முறை நடைமுறைக்கு வந்தது. முத்திரை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவரிடம் இருமடங்கு வாங்கினார்கள். 1879இல் கால் அணா அஞ்சலட்டை வந்தபோது, எழுத்தறிந்த எவரும் நாட்டின் எந்த மூலைக்கும் நான்கு வரி எழுதிப் போடலாம் என்ற நிலை பிறந்தது.

முத்திரை ஒட்டிய கடிதத்தில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அனுப்பியவர் அதற்கு விலை கொடுத்து முடித்துவிட்டார். அதன்பின் அஞ்சல்காரர் உறையைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கலியாணச் செய்தி இருந்தால் ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றைச் செருகி ஒட்டிக் கொடுப்பதில்லை. அரசு தன் தேவைக்குக் கடிதங்களைப் பிரித்துப் பார்த்ததுண்டு. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. ஆனால் வணிகத்துக்காகப் பிரிப்பது என்பது அந்த ஏற்பாட்டில் இல்லை. கூலியை யார் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் வேலை என்பது தெளிவாக இருந்தது.

எழுதுகிறவர்களுக்கு இந்த ஒழுங்கு நன்கு பழகியதுதான். படைப்பைத் திரும்பப் பெற வேண்டுமாயின் போதிய அஞ்சல்தலை ஒட்டிய உறையை உடன் வைக்க வேண்டும் என்று பத்திரிகைகள் அறிவித்து வந்த காலம் ஒன்று இருந்தது. கவிதை ஏற்கப்பட்டாலும் திரும்பி வந்தாலும் வழிச்செலவு கவிஞருடையது. அதை எவரும் அநீதி என்று சொன்னதில்லை.

இக்கேள்வியைத் திண்டுக்கல் வட்டாரத்தில் பேசும்போது வத்தலக்குண்டை நினைக்காமல் இருக்க முடியாது. கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யர், மணிக்கொடிக்கு உழைத்த பி.எஸ். ராமையா, எழுத்து நடத்திய சி.சு. செல்லப்பா ஆகிய மூவருக்கும் உரிய ஊர் அது. செல்லப்பா 1959ஆம் ஆண்டு சனவரியில் எழுத்து இதழைத் தொடங்கியபோது, அது கடைகளில் விற்பனைக்குப் போகாது, சந்தாதாரர்களுக்கு மட்டுமே அனுப்பப்படும், இரண்டாயிரம் படிகளுக்கு மேல் அச்சிடப்படாது என்று வரையறுத்துக்கொண்டார். வாசகர் கொடுக்கும் சந்தாவே இதழின் முதுகெலும்பு என்பது அவர் துணிவு. அந்த இதழில்தான் புதுக்கவிதை தன் குரலைக் கண்டுகொண்டது. 1962இல் வந்த புதுக்குரல்கள் தொகுப்பு அதன் விளைச்சல். வாசகரின் பணத்தை மட்டும் நம்பியிருந்த இதழ் வாசகருக்கு மட்டுமே கடன்பட்டிருந்தது. வேறு எவருடைய முகத்தையும் பார்த்து எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வரையறுத்த இரண்டாயிரத்தின் அருகில்கூடச் சந்தா எண்ணிக்கை வரவில்லை. செல்லப்பா நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றார். 1970இல் எழுத்து நின்றுபோயிற்று. ஒன்றை மதிப்பதாகச் சொல்வது வேறு, அதற்குரிய பணத்தை ஆண்டுதோறும் கட்டுவது வேறு என்பதை அந்த இதழின் வரலாறு காட்டுகிறது. மின்னஞ்சல் பற்றிய பேச்சிலும் இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்தே வருகின்றன.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் கிடைத்தது. தொடக்கத்தில் மின்னஞ்சல் முகவரி என்பது பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்கும் கட்டணம் செலுத்தி இணைப்புப் பெற்றவர்களுக்கும் உரியதாகவே இருந்தது. 1996ஆம் ஆண்டு சூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயில் என்னும் இலவசச் சேவையைத் தொடங்கினார்கள். எந்தக் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தும் எவரும் தமக்கென ஒரு முகவரி வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. கால் அணா அட்டை செய்த புரட்சிக்கு நிகரானது இது. ஆனால் அனுப்பிய ஒவ்வொரு மடலின் அடியிலும், நீங்களும் இலவச மின்னஞ்சல் பெறுங்கள் என்ற வாசகம் தானாகவே சேர்ந்துகொண்டது. எழுதியவர் அறிந்தோ அறியாமலோ ஒவ்வொரு கடிதமும் ஒரு விளம்பரத் துண்டறிக்கை ஆயிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஏறத்தாழ 40 கோடி டாலர் கொடுத்து ஹாட்மெயிலை வாங்கியது. விலைபோனது வெறும் கணிப்பொறிகள் அல்ல. அங்கே முகவரி வைத்திருந்த பல இலட்சம் மக்களின் வரவும் செலவும்தான் விலைபோயின.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று கூகுள் நிறுவனத்தின் ஜிமெயில் வந்தது. மற்றவர்கள் சில மெகாபைட் இடமே கொடுத்துவந்த காலத்தில் அது ஒரு ஜிகாபைட் கொடுத்தது. அதற்கு ஈடாக மடல்களில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அவற்றுக்கேற்ற விளம்பரங்களை அருகில் காட்டியது. மகள் திருமணத்தைப் பற்றி எழுதினால் நகைக்கடை வந்து நிற்கும். எதிர்ப்புகள் இருந்தும் இம்முறை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. விளம்பரத்துக்காக மடல்களைப் படிப்பதை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அறிவித்தது. விளம்பரம் நிற்கவில்லை; விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்க மடலைப் படிப்பதுதான் நின்றது. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும். தரகர் யாரிடம் கமிஷன் வாங்குகிறார் என்று தெரிந்தால், அவர் யார் பக்கம் பேசுவார் என்பதும் தெரிந்துவிடும்.

பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில் இனி வருவதை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. இங்கே கையால் செய்யப்படும் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எத்தனையோ வகைகள். இயந்திரத்தில் செய்து குவிக்கப்படும் மலிவான அலிகர் பூட்டுகள் சந்தைக்கு வந்தபின் இத்தொழில் நலிந்தது, பட்டறைகள் குறைந்தன, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். ஆயினும் கோயிலுக்கும் கிடங்குக்கும் பூட்டுத் தேடுகிறவர்கள் இன்னும் திண்டுக்கல் பூட்டைக் கேட்கிறார்கள். அவர்கள் கூடுதல் விலை கொடுப்பது இரும்பின் எடைக்காக அன்று. இந்தப் பூட்டின் சாவி வேறெங்கும் இருக்காது என்ற நம்பிக்கைக்காகவே கொடுக்கிறார்கள்.

மின்னஞ்சலிலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே: சாவி யாரிடம் இருக்கிறது? ஒரு மடல் அனுப்பப்பட்டதும் அது நேராக எதிரிலிருப்பவரின் கணிப்பொறிக்குப் போவதில்லை. அனுப்புபவருடைய நிறுவனத்தின் வழங்கிக் கணிப்பொறியிலிருந்து பெறுபவருடைய நிறுவனத்தின் வழங்கிக்குப் போய் அங்கே தங்குகிறது. வழியில் செல்லும்போது இன்று பெரும்பாலான மடல்கள் குறியீடாக மாற்றப்பட்டே செல்கின்றன. வழிப்பறி அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தங்கும் இடத்தில் கதவின் சாவி வீட்டுக்காரரான நிறுவனத்திடம் இருக்கிறது. குடியிருப்பவரிடம் இருப்பது மற்றொரு சாவி. இதை மாற்ற முனைந்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2014இல், செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர்கள் தொடங்கிய புரோட்டான் மெயில், பெட்டியின் சாவியைப் பயன்படுத்துபவரிடமே விட்டுவிடும் முறையைக் கொண்டது. அதன் வருமானம் சந்தா. தமிழ்நாட்டில் வேர்கொண்ட சோகோ நிறுவனம் 2008இல் தொடங்கிய மின்னஞ்சல் சேவையும் விளம்பரத்தை ஏற்பதில்லை. கட்டணம் செலுத்துவோரைக் கொண்டே நடக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒருவர் எவ்வளவு நல்ல பூட்டை வாங்கினாலும், அவர் எழுதும் மடல் விளம்பர நிறுவனத்தின் பெட்டியில் முகவரி வைத்திருப்பவருக்குப் போனால், அதன் படி ஒன்று அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. கடிதம் இருவர் சொத்து. ஒருவர் மட்டும் பூட்டினால் பாதி வீடுதான் பூட்டப்படுகிறது.

அப்படியானால் பணம் கொடுத்துப் பெறும் உயர்விலைச் செயலிகள் என்ன தருகின்றன? அமெரிக்காவில் மாதம் 30 டாலர் என்று விலை வைத்து வந்த சூப்பர்ஹியூமன் என்னும் செயலி, மடல்களை மிக விரைவாகப் பார்த்து முடிக்கும் வசதியை முன்வைத்தது. 2020இல் வந்த ஹே என்னும் சேவை ஆண்டுக்கு 99 டாலர் கேட்டது. முன்பின் அறியாதவரின் முதல் மடலை உள்ளே விடலாமா என்று வாயிலிலேயே கேட்டு நிறுத்தும் ஏற்பாடு அதில் உண்டு. முதலாவதற்கு ஆண்டுக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேலும், இரண்டாவதற்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேலும் ஆகும். முப்பதாயிரம் ரூபாய் என்பது சில நூறு படிகள் கொண்ட மெலிந்த கவிதைத் தொகுதி ஒன்றை அச்சிடும் செலவை நெருங்கி வரும் தொகை. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வணிக மடல்களுக்கு மறுமொழி எழுத வேண்டியவருக்கு விரைவு பணமாகலாம். வாரத்துக்குப் பத்து மடல் வரும் கவிஞருக்கு விரைவினால் வரும் இலாபம் என்ன? கவிதையைப் பற்றி வந்த கடிதத்தை விரைந்து பார்த்து முடிப்பது பெருமையும் அன்று.

பணம் கொடுத்தால் நேர்மை தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையும் சோதனைக்கு உள்ளாயிற்று. 2019இல் சூப்பர்ஹியூமன் செயலியில் ஓர் ஏற்பாடு வெளிச்சத்துக்கு வந்தது. அனுப்பிய மடலை எதிரிலிருப்பவர் எப்போது திறந்தார், எந்த இடத்திலிருந்து திறந்தார் என்பதை, அவர் அறியாமலே அனுப்பியவருக்கு அது காட்டியது. கண்டனம் எழுந்தபின் இடத்தைக் காட்டுவது நீக்கப்பட்டது. பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டை என்று ஒன்று இருந்தது. பெறுபவர் தம் கையால் ஒப்பமிட்ட பின்னரே அது திரும்பிப் போகும். அறிந்து கொடுப்பது ஒப்புகை. அறியாமல் எடுப்பது உளவு. சந்தா கட்டியவருக்கு உண்மையாக இருந்த செயலி, கடிதம் பெற்றவரிடம் அந்த மரியாதையைக் காட்டவில்லை.

பணம் கொடுத்தால் நிலைத்திருக்கும் என்பதும் உறுதியன்று. இந்தியர்கள் உருவாக்கிய கிளவுட்மேஜிக் என்னும் செயலி பின்னர் நியூட்டன் என்று பெயர் மாறி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 டாலர் சந்தாவில் நடந்தது. பயன்படுத்தியவர்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மூடப்பட்டது. வேறொரு நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டு உயிர்ப்பித்தது. 2020இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது. பெரிய நிறுவனங்களின் இலவசச் செயலிகளுக்கும் இதே கதிதான். கூகுளின் இன்பாக்ஸ் என்னும் செயலி 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. செயலி என்பது ஜன்னல். ஜன்னலை மாற்றலாம், அதற்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. மாற்ற முடியாமல் போவது வீட்டின் முகவரியும் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியும்தான்.

இனிப் பெட்டியைப் பற்றி. கு. அழகிரிசாமி கி. ராஜநாராயணனுக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. அழகிரிசாமி 1970இல் மறைந்தார். எழுதியவர் போனபின்பும் கடிதங்கள் இருந்தன, ஏனெனில் அவை பெற்றவரின் வீட்டில் இருந்தன. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பல பத்தாண்டுகளுக்குப் பின் அச்சேறின. வல்லிக்கண்ணன் ஊர் ஊராக இருந்த இளம் எழுத்தாளர்களுக்கும் சிற்றிதழ்களுக்கும் இடைவிடாமல் எழுதிய கடிதங்கள் பல வீடுகளில் பத்திரமாக இருந்தன. கடிதத்தை எழுதியவர் ஓர் ஊரில், கடிதம் மற்றோர் ஊரில் என்ற இந்தப் பிரிவே இலக்கியத்துக்குப் பெருங்காப்பாக இருந்தது. ஒரு வீடு ஒழுகினாலும் மற்றொரு வீட்டில் காகிதம் நனையாது.

மின்னஞ்சலில் இந்தக் காப்பு நீங்கிவிட்டது. எழுதியவரும் பெற்றவரும் ஒரே நிறுவனத்தில் முகவரி வைத்திருந்தால், அனுப்பிய படியும் வந்த படியும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் கிடக்கின்றன. அந்த நிறுவனத்தின் விதிகளே அவற்றின் ஆயுள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. யாகூவில் ஓராண்டு திறக்கப்படாத பெட்டி காலியாக்கப்படலாம். யாகூ குழுமங்கள் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று முழுவதுமாக மூடப்பட்டன. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுமங்கள் ஒரு காலத்தில் கதையும் கவிதையும் விவாதமுமாய்க் கலகலத்த இடம் அது. தனியே படி எடுத்து வைத்தவர்களிடம் இருப்பது மட்டும் மிஞ்சியது. இலவசமாகக் கொடுத்தவர் இடத்தைக் காலி செய்யச் சொன்னால் வழக்குத் தொடுக்க வாடகைச் சீட்டு இல்லை.

ஒரு மூத்த கவிஞர் மறைந்தால் என்ன ஆகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். முன்பு பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பிள்ளைகள் திறந்து பார்த்து, தெரிந்த எழுத்தாளர் ஒருவரிடம் கொடுப்பார்கள். இன்று கடவுச்சொல் அவருடனே போய்விடுகிறது. சரிபார்க்கும் எண் வந்து சேரும் கைப்பேசி இணைப்பும் சில மாதங்களில் துண்டிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டு கழிந்தால் பெட்டியும் இல்லை. இருபது ஆண்டுக் கடிதங்கள், வெளிவராத கவிதைகள், திருத்தப் படிகள் எல்லாம் சொல்லாமல் போய்விடுகின்றன. குறிப்பிட்ட காலம் கணக்கைத் திறக்காவிட்டால் யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் வசதி கூகுளில் 2013 முதல் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. அதைச் செய்து வைத்திருக்கும் கவிஞர்கள் எத்தனை பேர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

அடுத்தது முகவரி. இந்திய அரசின் அண்மைக்கால நடவடிக்கை ஒன்று இதை நன்கு விளக்கும். மத்திய அரசு ஊழியர்களின் ஏறத்தாழ 12 இலட்சம் மின்னஞ்சல் கணக்குகள், அரசின் தேசியத் தகவலியல் மையம் நடத்திய அமைப்பிலிருந்து சோகோ நிறுவனத்தின் அமைப்புக்கு மாற்றப்பட்ட செய்தி 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. பெட்டியைத் தாங்கும் நிறுவனம் மாறியது. அலுவலர்களின் முகவரி மட்டும் மாறவில்லை. அரசுக்குரிய தளப்பெயரிலேயே அது தொடர்கிறது. காரணம் எளிது. அந்தப் பெயர் அரசினுடையது. நாளை வேறு நிறுவனத்துக்குப் போக நேர்ந்தாலும் கடிதம் எழுதுவோர் புது முகவரியைத் தேடி அலைய வேண்டியதில்லை. இலவச நிறுவனத்தின் பெயரில் முகவரி வைத்திருப்பவருக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. அவர் வீடு மாறினால் முகவரியையும் இழக்கிறார். இதழ்களில் அச்சான முகவரி, நூல்களின் பின்னட்டையில் போட்ட முகவரி, நண்பர்களின் குறிப்பேட்டில் உள்ள முகவரி எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகும். அந்த அச்சமே அவரை அங்கே கட்டிவைக்கிறது.

ஆகவே, கட்டணம் தகுமா என்ற கேள்வியை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது நலம்.

முதலாவது, தனியொரு கவிஞர். நத்தத்திலோ வேடசந்தூரிலோ இருந்து எழுதும் மாணவக் கவிஞரிடம் சந்தா கட்டு என்று சொல்வது, கால் அணா அட்டையை வாங்க முடியாதவரிடம் பட்டு உறை வாங்கச் சொல்வதற்கு ஒப்பாகும். இலவச மின்னஞ்சல் அவருக்குக் கதவைத் திறந்தது. அது பழிக்கத்தக்கதன்று. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடம், நிழற்படங்களைச் சேர்த்து வைக்காதவரை, எழுத்துக்கு வாழ்நாள் முழுதும் போதும். அவர் செய்ய வேண்டியது ஆண்டுக்கு ஒரு முறை தம் மடல்களைப் படியெடுத்துத் தனியே வைப்பதும், முக்கியமானவற்றை அச்சிட்டு வைப்பதுமே. உயர்விலைச் செயலி அவருக்கு வீண்.

இரண்டாவது, நூல்கள் பல எழுதி, வெளியூரோடும் வெளிநாட்டோடும் இடையறாது கடிதத் தொடர்பு வைத்திருப்பவர். அவருக்குத் தம் பெயரில் ஒரு தளப்பெயரும், விளம்பரம் இல்லாத ஒரு பெட்டியும் இருப்பது பயனுள்ள செலவு. ஆண்டுக்குச் சில நூறு ரூபாயில் தளப்பெயர் கிடைக்கிறது. இடம் போதாமல் போனால் மேலும் இடம் வாங்குவதற்கும் பெருந்தொகை தேவையில்லை. கூகுளில் 100 ஜிகாபைட் இடம் ஆண்டுக்கு 1,300 ரூபாய்க்குக் கிடைத்துவருகிறது. ஆனால் இடம் வாங்குவது வேறு, முகவரியை வாங்குவது வேறு. பணம் அளவோடு இருந்தால் முகவரிக்கே முதலில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, ஓர் இலக்கிய வட்டம். இங்கே விடை ஐயத்துக்கு இடமற்றது. வட்டத்திடம் இருப்பவை பிறருடைய பொருள்கள். அச்சுக்கு வராத கவிதைகள், வயதில் மூத்தவர்கள் நம்பி அனுப்பிய நினைவுக்குறிப்புகள், உறுப்பினர்களின் வீட்டு முகவரிகள், கைப்பேசி எண்கள் ஆகியவற்றை ஒருவரின் சொந்த இலவசப் பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பது, கோயில் உண்டியலை அர்ச்சகர் வீட்டில் வைப்பது போன்றது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். அவர் ஊர் மாறினால், நோயுற்றால், மனத்தாங்கல் கொண்டு விலகினால் பத்தாண்டுக் கருவூலம் அவரோடு போய்விடும். சிற்றிதழ்கள் பல இப்படியே தம் வரலாற்றை இழந்தன.

கணக்கையும் பார்த்துவிடலாம். வட்டத்தின் பெயரில் ஒரு தளப்பெயரும், அதன் கீழ் செயலாளருக்கு ஒன்று, மலர்க் குழுவுக்கு ஒன்று என இரண்டு எளிய பெட்டிகளும் வைத்துக்கொள்ள, இன்றைய விலையில் ஆண்டுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கினால் போதும். முப்பது உறுப்பினர் உள்ள வட்டமானால் ஒருவருக்கு ஆண்டுக்கு எண்பத்து மூன்று ரூபாய் விழும். ஐந்து ரூபாய் அஞ்சல் உறைகள் பதினாறு வாங்கும் பணம் அது. ஒரு கூட்டத்தின் தேநீர்ச் செலவைவிடக் குறைவு.

ஆனால் பணம் கட்டினால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. தளப்பெயரைச் செயலாளர் தம் சொந்தப் பெயரில் பதிவு செய்யாமல் வட்டத்தின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். இருவருக்காவது கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பு மாறும் நாளில் சாவிக்கொத்தைப் போல அதையும் எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைக்க வேண்டும். ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட மறந்தால் தளப்பெயர் காலாவதியாகும். வேறொருவர் அதை வாங்கிக்கொள்ளலாம். பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் அந்நியர் கைக்குப் போகும். இலவசப் பெட்டிக்கு இல்லாத ஆபத்து இது. எனவே சந்தாவைத் தவறாமல் கட்டும் ஒழுக்கம் உள்ள வட்டமே இதில் இறங்க வேண்டும். ஆண்டு நிறைவில் முக்கியக் கடிதங்களை அச்சிட்டுக் கட்டாகக் கட்டி, ஒரு படி செயலாளரிடமும் மற்றொரு படி நூலகம் ஒன்றிலும் வைப்பது நலம். பழைய கடிதங்களைக் காத்தது அந்த இரு வீட்டுப் படிதான். அது மீண்டும் ஏற்பட வேண்டும்.

எழுத்து இதழுக்குச் சந்தா கட்டியவர்கள் சில நூறு பேர்தாம். அவர்கள் கட்டிய பணத்தில்தான் தமிழ்க் கவிதை ஒரு புது வழியில் நடந்தது. கட்டாமல் பாராட்டியவர்கள் அதைவிட அதிகம். அவர்களால் இதழைக் காக்க முடியவில்லை. மின்னஞ்சலுக்கு வேகத்தின் பொருட்டும் ஆடம்பரத்தின் பொருட்டும் கொடுக்கும் பணம் வீண். முகவரி சொந்தமாக இருப்பதற்கும், கடிதங்கள் எழுதியவர் காலத்துக்குப் பின்னும் இருப்பதற்கும் கொடுக்கும் பணம் வீணாகாது. பதினோராம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தைத் தீட்டும்போது, தேநீருக்கும் மேடைக்கும் ஒதுக்குவதோடு இதற்கும் ஒரு வரியை வட்டம் எழுதிக்கொள்ளுமாயின், இருபதாம் ஆண்டு மலரைத் தொகுப்பவர்களுக்குத் தொகுக்க ஏதேனும் இருக்கும்.